மணி சிறுத்தது, புரதம் கூடியது: ராஜ்மாவில் நடந்தது என்ன?

கேள்வி: ஒரே ராஜ்மா ரகத்தை இரண்டு வயல்களில் விதைத்தேன். ஒன்றில் பூத்த பிறகு தண்ணீர் போதவில்லை. மணி சிறுத்துச் சுருங்கிவிட்டது. ஆனால் ஆய்வகச் சீட்டில் அதற்குத்தான் புரதம் 26%. நன்றாக விளைந்த வயலுக்கு 22% தான். அப்படியென்றால் காய்ந்த வயலின் பயறு சத்து அதிகமானதா? இரும்பு, துத்தநாகச் சத்தைக் கூட்ட வழி உண்டா?

பதில்: சீட்டில் உள்ள எண் சரியாகவே இருக்கலாம். இரண்டையும் ஒரே ஈரப்பதக் கணக்கில் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு குவியலிலிருந்தும் நூறு நூறு மணி எண்ணி எடை போடுங்கள். நல்ல வயலின் நூறு மணி 40 கிராம், காய்ந்த வயலினுடையது 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் புரதம் 8.8 கிராம், இரண்டாவதில் 7.8 கிராம்தான். அதாவது செடி புரதத்தைக் கூட்டவில்லை, மாவுச்சத்தைச் சேர்க்க முடியாமல் போயிருக்கிறது.

காரணம் இதுதான். மாவுச்சத்துக்கு இலை அன்றன்றைக்குச் சர்க்கரை தயாரித்தாக வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் இலைத்துளைகள் மூடி அந்த வேலை நின்றுவிடும். புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்தோ (நைட்ரஜன்) பழுக்கிற இலைகளிலிருந்தே பெருமளவு மணிக்கு இறங்கிவிடும். மணி பிடிக்கும்போது கடும் வெயில் அடித்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் காய்ந்த வயல் பயறில் புரதம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் மகசூலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த வயல் கொடுத்த மொத்தப் புரதம் குறைவாகத்தான் இருக்கும். பூக்கும்போதும் காயில் மணி பிடிக்கும்போதும் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். மற்ற நேரத்தில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் செடி தாங்கும்.

மெய்யாகவே புரதம் கூட வேண்டுமென்றால் வேரைப் பாருங்கள். பூக்கும் தருணத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றின் தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை. பயறு வகைகளில் ராஜ்மா காற்றின் தழைச்சத்தைப் பிடிப்பதில் மந்தமான பயிர். அதனால் இந்தப் பயிருக்கே உரிய ரைசோபியத்தை விதையில் நேர்த்தி செய்வது வீண் போகாது. யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு பிடிக்காது.

இரும்பு, துத்தநாகம் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மணியில் இரும்பு எவ்வளவு என்பதில் ரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இலையில் இரும்பு தெளித்தால் இலை பச்சையாகும், மணிக்குப் போவது சொற்பம். துத்தநாகம் அப்படியில்லை. சுண்ணாம்பு மிகுந்த, கார அமில நிலை (pH) 7.5-க்கு மேல் உள்ள மண்ணில் அது செடிக்கு எளிதில் கிடைக்காது. அங்கே 10 லிட்டர் தண்ணீருக்குத் துத்தநாக சல்பேட் 50 கிராம், நீற்றின சுண்ணாம்பு 25 கிராம் கலந்து வடிகட்டி, பூத்து முடிந்து பிஞ்சு பிடிக்கும்போது மாலையில் தெளித்தால் மணியிலும் அது ஏறும். முதலில் நாலு செடிக்குத் தெளித்து, இலை கருகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். மண்ணில் போதுமான அளவு இருக்கும்போதே மேலும் மேலும் போட்டால், வேர் துத்தநாகத்தை எடுப்பது குறையும். மிச்ச மணிச்சத்து மணிக்குள் பைட்டேட் என்ற சேர்மமாகச் சேர்ந்துகொள்ளும். அது சாப்பிடுகிறவர் குடலில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். சீட்டில் இரும்பு நிறைய இருக்கும், உடம்பில் சேர்வது கொஞ்சமாக இருக்கும். ஆகவே மண் பரிசோதனை செய்யாமல் அடுத்த பருவத்துக்கு டிஏபி போன்ற மணிச்சத்து உரம் வாங்காதீர்கள்.

கையில் இருக்கும் பயறை 12% ஈரப்பதத்துக்குக் காயவைத்து, வெப்பமும் ஈரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். புழுக்கமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் எவ்வளவு வேகவைத்தாலும் மணி மசியாது. சுருங்கியதைச் சலித்துத் தனியாகப் பிரித்துவிடுங்கள். கலந்து வைத்தால் இரண்டும் ஒன்றாக வேகாது.