தலை அறுவைக்குப் பின் சீழ்: எலும்பை ஏன் எடுக்கிறார்கள்?

கேள்வி: என் கணவருக்கு வயது 56, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. மூன்று மாதத்துக்கு முன் மூளை உறையில் இருந்த கட்டியை எடுத்தார்கள். இப்போது தழும்பில் சின்னத் துளை விழுந்து சீழ் கசிகிறது. காய்ச்சல் இல்லை. மறுபடி திறந்து எலும்பை எடுக்கணும் என்கிறார்கள். மாத்திரையில் ஆறாதா டாக்டர்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஆறாது அம்மா. கட்டியை எடுக்க அறுத்துத் திரும்பப் பொருத்திய எலும்புத் துண்டுக்கு ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போய்ச் சேராது. போதாததற்கு, எலும்பிலும் அதைப் பிடித்திருக்கும் தகடு, திருகாணிகளிலும் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டி அதற்குள் பதுங்கிவிடும். மாத்திரை சாப்பிடும்வரை துளை மூடியதுபோல் தெரியும். நிறுத்தினால் மீண்டும் கசியும். காய்ச்சல் இல்லாததை வைத்து உள்ளே ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள்.

மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்து, சீழ் மூளை உறைக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கியிருந்தால் அது அவசர அறுவை. இல்லையென்றால் பழைய தழும்பு வழியாகவே திறந்து, கெட்ட திசுவைச் சுரண்டி, எலும்பையும் தகடுகளையும் எடுத்து, உப்புநீரால் நன்றாகக் கழுவித் தைப்பார்கள். பல இடங்களிலிருந்து திசு எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி சில நாளில் தெரிந்துவிடும். கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி வளர 10 முதல் 14 நாள்கூட ஆகும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால் சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். துளையில் மஞ்சளும் வேண்டாம்.

எலும்பைக் கழுவித் திரும்ப வைப்பதும் உண்டு. சீக்கிரம் பிடிபட்டு, எலும்பு கெடாதவர்களுக்கு மட்டும். உங்கள் கணவருக்கு எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அறுவைச் சமயத்தில் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோலுக்குள் இருக்கட்டும். ஏறினால் புண் சீக்கிரம் ஆறாது.

பிறகு நரம்பு வழி மருந்து பெரும்பாலும் 2 முதல் 6 வாரம். தொற்று முழுக்கத் தீர்ந்த பின், வழக்கமாக 3 முதல் 6 மாதம் கழித்து, எலும்பு இருந்த இடத்தை மூட டைட்டானியம் அல்லது அக்ரிலிக் தகடு வைப்பார்கள். அதுவரை எழுந்து நடக்கும்போதெல்லாம் தலைக்கவசம், அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது. உட்கார்ந்தால் தலைவலியோ மயக்கமோ கூடி, தோல் உள்வாங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தகட்டைச் சீக்கிரம் வைக்க வேண்டிவரலாம்.

தண்ணீர்போல் தெளிவாகக் கசிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ, வாந்தி, வலிப்பு, அரைத்தூக்கம், கைகால் பலவீனம் வந்தாலோ அறுவைத் தேதிக்குக் காத்திராமல் 999-ஐ அழையுங்கள். பழைய அறுவைக் குறிப்பும் ஸ்கேனும் கையோடு இருக்கட்டும்.