பழைய ஹார்னுக்குப் புது டிரைவர் வேண்டுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: மூடிவிட்ட ஒரு தியேட்டரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, திரைக்குப் பின்னால் இருந்த ஜேபிஎல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். மேலே ஹார்னில் (ஒலியைப் பரப்பும் குழல்) 2440 டிரைவர் (ஒலியை உண்டாக்கும் பகுதி). குரல் அப்படியே முன்னால் வந்து நிற்கிறது, ஆனால் ஜால்ரா, வயலின் எல்லாம் மங்கல். பழசைக் கழற்றிவிட்டு, நியோடிமியம் காந்தம் வைத்த புது டிரைவர் மாட்டலாமா? (வாசகர், கோவை)

ப: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உங்கள் கையில் இருப்பது 1954-இல் வந்த ஜேபிஎல் 375-இன் தொழில்முறை வடிவம். 4 அங்குல வாய்ஸ் காயில் (ஒலித் தகட்டை ஆட்டும் கம்பிச் சுருள்), ஹார்னில் சேரும் இடத்தில் 2 அங்குல வாய், பத்து கிலோவுக்கு மேல் கனம், உள்ளே பெரிய அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம். இப்படி ஒரு காந்த அமைப்பைப் புதிதாக வாங்கப் போனால் விலை எங்கோ போய் நிற்கும்.

மங்கலுக்கு ஒரு காரணம் பிறவியிலேயே இருக்கிறது. டிரைவருக்குள் அதிர்ந்து ஒலியை எழுப்பும் மெல்லிய தகடுதான் டயஃப்ரம். அந்தக் காலத்து டயஃப்ரத்தின் விளிம்பு அரைவட்டமாக மடித்த ஒரே ஒரு வளையம், அதனால் 10 கிலோஹெர்ட்ஸை நெருங்கும்போதே ஒலி சரியத் தொடங்கும். பழைய படச்சுருளின் மோனோ ஆப்டிகல் ஒலித்தடத்தில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை என்பதால் தியேட்டரில் இது யாருக்கும் குறையாகப் படவில்லை. பிறகு 1980 வாக்கில் அலுமினிய டயஃப்ரத்தின் அந்த விளிம்பை வைர வடிவ மடிப்புகளாக மாற்றி 2441 என்று கொண்டுவந்தார்கள், மேல் ஸ்தாயி நன்றாக நீண்டது. அடுத்து டைட்டானியம் டயஃப்ரத்துடன் 2445. நல்ல செய்தி என்னவென்றால் இந்த டயஃப்ரங்கள் உங்கள் 2440-இன் உடம்பிலேயே உட்காரும். டிரைவரை மாற்ற வேண்டியதில்லை, டயஃப்ரத்தை மாற்றினால் போதும்.

அதற்கும் முன்னால் கிராஸ்ஓவரை, அதாவது ஒலியைக் கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி என்று பிரித்து அனுப்பும் சர்க்யூட்டை, திறந்து பாருங்கள். பல வருஷம் வெயிலிலும் தூசியிலும் கிடந்த எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் காய்ந்துபோயிருந்தால் எந்த டிரைவர் மாட்டினாலும் மங்கலாகத்தான் கேட்கும். அதே அளவில் நல்ல ஃபிலிம் கண்டென்சர் போட்டுக் கேளுங்கள். அப்புறம் மல்ட்டிமீட்டரில் இரண்டு டிரைவரின் ஓம் அளவையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதை எப்போதோ யாரோ திறந்து வேறு எதையோ போட்டிருக்கிறார்கள்.

அலுமினியமா டைட்டானியமா என்றால், வீட்டுக்கு நான் அலுமினியம்தான் சொல்வேன். டைட்டானியம் உலோகச் சோர்வைத் தாங்கும், திருவிழா மேடையில் மூன்று நாள் விடாமல் அடித்தாலும் விரிசல் விடாது. ஆனால் மேல் ஸ்தாயியில் அது தானே சிணுங்குகிற சத்தம் ஓர் அறைக்குள் உட்கார்ந்து கேட்கும்போது காதை உறுத்துகிறது. பெரிலியமும் கிடைக்கிறது. மிக லேசு, மிக விறைப்பு, கேட்டவர்கள் அதன் தெளிவை மறக்க மாட்டார்கள், விலையையும்தான். உடைந்தால் மட்டும் அந்தத் துண்டுகளை வெறும் கையால் தொடாதீர்கள், ஊதாதீர்கள். பெரிலியம் தூசி நுரையீரலுக்கு விஷம்.

மாற்றுவது கடினமான வேலை இல்லை, பொறுமை வேண்டும். பின்மூடியைக் கழற்றி, ஒயரை விடுவித்து, டயஃப்ரத்தின் சுற்றுத் திருகுகளை எடுத்து நேராக மேலே தூக்குங்கள். கீழே மெல்லிய வட்ட இடைவெளி தெரியும். மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு மடித்து, அந்த இடைவெளிக்குள் விட்டுச் சுற்றிலும் இழுங்கள். டேப்பில் கறுப்பாக இரும்புத்தூள் ஒட்டி வரும், சுத்தமாக வரும்வரை செய்யுங்கள். புது டயஃப்ரத்தை வைத்துத் திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, குறைந்த சத்தத்தில் ஒரு டோனை 500 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே ஏற்றிக் கேளுங்கள். எங்காவது கரகரத்தால் வாய்ஸ் காயில் உரசுகிறது, தளர்த்தித் திரும்ப வையுங்கள். காந்தத்தையே பிடித்திருக்கும் பெரிய போல்ட்டுகளை மட்டும் தொடவே வேண்டாம். அல்னிகோவைப் பிரித்தால் காந்த சக்தி குறைந்துவிடும்.

இதையெல்லாம் செய்தும் கொஞ்சம் மங்கல் மிச்சம் இருக்கலாம். இப்படி ஹார்னில் மாட்டும் எந்தக் கம்ப்ரஷன் டிரைவரானாலும் டயஃப்ரத்தின் எடை காரணமாக சுமார் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதன் சக்தி படிப்படியாக இறங்கும். பழைய ஹார்ன்கள் மேல் ஸ்தாயியைக் குறுகலாக நேர் முன்னால் குவித்து அதை மறைத்தன, அகலமாகச் சமமாகப் பரப்பும் பிற்கால ஹார்ன்களில் அது மறையாது. அதற்கு ஆம்ப்புக்கு முன்னால் ஈக்வலைசரில் மேல் பக்கம் ஏற்றிக்கொடுப்பதுதான் வழி, புது டிரைவர் அல்ல.

கே: ரிச்சி ஸ்ட்ரீட்டில் டூப்ளிகேட் டயஃப்ரம் மலிவாகக் கிடைக்கிறதே? (வாசகர், சென்னை)

ப: ஊர்வலத்துக்கும் பந்தலுக்கும் ஓட்டுகிறவர் அவசரத்துக்குப் போடுவதை நான் குறை சொல்லமாட்டேன். ரசித்துக் கேட்க வாங்குகிறவர் வாங்கக் கூடாது. வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கனம் வேறு, வாய்ஸ் காயில் உட்காரும் உயரம் வேறு, ஒரே டப்பாவில் வந்த இரண்டுமே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. இடதும் வலதும் வேறு மாதிரி ஒலித்தால் பாடகர் நடுவில் நிற்கவே மாட்டார். அசல் கிடைக்காவிட்டால், பெயருள்ள மாற்றுத் தயாரிப்பாளரிடமிருந்து ஜோடியாக வாங்குங்கள்.

கே: என்னிடம் இருப்பது 1 அங்குல ஜேபிஎல் 2420 டிரைவர் ஜோடி, ஒன்று எரிந்துவிட்டது. புது 1 அங்குல டிரைவர் அப்படியே பொருந்துமா? (வாசகர், திருச்சி)

ப: போல்ட் பொருந்திவிடும். உங்களுடையது 57 மில்லிமீட்டர் வட்டத்தில் மூன்று போல்ட், பல புது டிரைவர்களில் அதுவும் 76 மில்லிமீட்டரில் இரண்டு போல்ட்டுக்கான துளையும் சேர்ந்தே வருகின்றன. திருகிப் பொருத்தும் ரகத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது கிராஸ்ஓவர். உங்கள் பெட்டி 800 ஹெர்ட்ஸில் பிரிந்தால், 1,500-க்கு மேல்தான் ஓட்டச் சொல்லும் புது டிரைவர் அங்கே தாங்காது. ஹார்னில் அதே சத்தத்துக்கு அலைவரிசை பாதியானால் டயஃப்ரம் இரண்டு மடங்கு ஆட வேண்டும். தாங்கும் வாட் எத்தனை என்று பார்ப்பதை விட இதைப் பாருங்கள். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

துருவமும் பாருங்கள். பழைய ஜேபிஎல் வூஃபரில் (கீழ் ஸ்தாயி ஸ்பீக்கர்) சிவப்பு முனைக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். புது டிரைவரை மாட்டிய பிறகு 800 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு டோன் ஓடவிட்டு, டிரைவரின் ஒயரை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள், எதில் சத்தம் நிறைந்து வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.