சுரைப்பிஞ்சு ஏன் வெம்புகிறது?

வணக்கம் சார்,

மாடித்தோட்டம் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்துத்தான் போன ஆடியில் நானும் பைகள் வாங்கி வைத்தேன். கீரையும் மிளகாயும் நன்றாக வந்தன. சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது, பிஞ்சும் விடுகிறது. ஆனால் சுண்டுவிரல் அளவிலேயே மஞ்சளடித்து விழுகிறது. பை, நார்க்கழிவு, மண்புழு உரம், நிழல்வலை என்று செலவும் ஏறிக்கொண்டே போகிறது. "இந்தக் காசுக்கு உழவர் சந்தையில் வருஷம் முழுக்கக் காய் வாங்கியிருக்கலாம்" என்கிறார் என் மாமியார். உங்களுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது? இத்தனை வருஷம் எப்படி விடாமல் செய்கிறீர்கள்?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாமியார் சொல்வது சரி. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. அந்த விலையோடு மொட்டைமாடிப் பை போட்டி போட முடியாது. வீட்டுத்தோட்டத்தில் காசு மிச்சம் என்பவர்கள் தண்ணீரையும் முதுகுவலியையும் கணக்கில் சேர்ப்பதில்லை. கீரை, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் வேண்டுமானால் கட்டுப்படியாகும்.

எனக்கும் எடுத்த எடுப்பில் பைத்தியம் பிடித்துவிடவில்லை. பழைய பெயின்ட் வாளியில் தக்காளி, தெர்மாகோல் பெட்டியில் வெந்தயக்கீரை. வந்தால் பறிப்பது, வாடினால் பிடுங்கிப் போடுவது, அவ்வளவுதான். சரியாக மாட்டிக்கொண்டது இப்போது நீங்கள் கேட்கிற இதே சுரைக்காயிடம்.

சுரையில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூ விரியும் முன்பே அதன் அடியில் குட்டிக்காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காய் பிடித்துவிட்டது என்று நாம் சந்தோஷப்படுவது அதைப் பார்த்துத்தான். மகரந்தம் சேராவிட்டால் அது சில நாளில் வெம்பி விழும். உரம் போட்டு அதைக் காப்பாற்ற முடியாது. இன்னொன்று, சுரைப்பூ விரிவது அந்தியில். அந்த வெள்ளை நிறம் இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளுக்கு. ஊர் நடுவே மாடிக்கு அவை வந்து சேர்ந்தால்தானே?

ஆகவே நீங்களே அந்துப்பூச்சி ஆக வேண்டியதுதான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாடிக்குப் போங்கள். நீளக் காம்பில் பிஞ்சில்லாமல் நிற்பது ஆண்பூ. அன்று விரிந்த ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் பொடி படும்படி பெண்பூவின் நடுமுடியில் மெல்லத் தடவுங்கள். பீர்க்கைக்கும் புடலைக்கும் இதே அந்தி நேரம்தான். பரங்கி நேரெதிர், விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். யூடியூபில் சொல்லும் '3ஜி கட்டிங்' செய்தால், அதாவது நுனி கிள்ளிப் பக்கக் கிளைகளை வளர்த்தால், பெண்பூ கூடும் என்பது உண்மைதான். சேர்க்கை நடக்காமல் பெண்பூ எத்தனை வந்து என்ன?

இப்படிப் பூவின் நேரத்துக்கு மாடியேற ஆரம்பித்தபோதுதான் மற்றதும் கண்ணில் பட ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றியும் கத்தரிச்செடியில் ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கி நிற்கும். கிள்ளி நகத்தால் பிளந்தால் உள்ளே வெளிர்சிவப்பில் ஒரு புழு. குருத்துத் துளைப்பான். மேலே வேப்பெண்ணெய் அடித்தால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி, புழுவோடு அழித்துவிட வேண்டும். இதையெல்லாம் பார்க்கப் பழகியவனுக்கு டிவி முன்னால் உட்காரப் பிடிக்காது. என் வீட்டில் இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள்.

விடாமல் செய்ததாகச் சொல்ல முடியாது. சித்திரை வைகாசியில் பாதிப் பைகளைக் காலியாகவே விட்டுவிடுவேன். அக்னி நட்சத்திர வெயிலில் மாடித் தளத்தின் சூட்டோடு மல்லுக்கட்டித்தான் பலர் தோட்டத்தையே வெறுக்கிறார்கள். சேலத்திலும் வெயிலுக்குக் குறைவில்லை. கீரைக்கும் மிளகாய்க்கும் மட்டும் நிழல்வலை கட்டிவிட்டு, மீதியை ஆடிப்பட்டத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கையால் சேர்த்த பூவின் காம்பில் ஒரு நூல் கட்டி வையுங்கள், எது பிடித்தது என்று தெரியும். நன்றாகத் திரண்டு வரும் காயில் ஒன்றை மட்டும் பறிக்காமல் விதைக்கு விடுங்கள். தோல் வைக்கோல் நிறமாகி, குலுக்கினால் உள்ளே சலசலக்கும்வரை கொடியிலேயே கிடக்கட்டும். நீங்கள் போட்டது ஹைப்ரிட் விதை என்றால் இந்த வேலை வேண்டாம். அடுத்த முறை தாய்க்காய் மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது.