உலர்துறை (நீரை வெளியேற்றிக் கப்பலின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் துறை) இல்லாத இடத்தில் டார்பிடோ பட்ட கப்பலைப் பழுதுபார்ப்புக் கப்பல் எப்படிச் சரிசெய்தது?

முழுதாகச் சரிசெய்யவில்லை. உலர்துறை இருக்கும் துறைமுகம்வரை சொந்த எஞ்சினில் போகவைத்தார்கள், அவசரமென்றால் சண்டைக்கே அனுப்பினார்கள். இரண்டாம் உலகப்போரில் இதைச் செய்த அமெரிக்கக் கப்பல் 'வெஸ்டல்' நல்ல எடுத்துக்காட்டு.

1908-இல் நிலக்கரிக் கப்பலாக நீரில் இறங்கி, 1913-இல் பழுதுபார்ப்புக் கப்பலானது. 1941 டிசம்பர் 7 அன்று, ஹவாயின் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியபோது, அங்கே 'அரிசோனா' போர்க்கப்பலை ஒட்டிக் கட்டியிருந்தது. வெஸ்டல்மேல் இரண்டு குண்டுகள் விழுந்தன; ஒன்று கப்பலின் அடித்தகடுவரை துளைத்தது. அரிசோனா வெடித்த வேகத்தில் கடலில் வீசப்பட்ட கேப்டன் காசின் யங் நீந்தித் திரும்பி, கப்பலைக் கைவிடும் உத்தரவை ரத்து செய்தார். மூழ்கும் முன்பே, அதே துறைமுகத்தின் கரையிலுள்ள அயேயா அருகே தரைதட்ட வைத்தார். அந்த முடிவுதான் கப்பலைக் காப்பாற்றியது. அங்கிருந்த கப்பல் பழுதுபார்ப்புத் தளத்துக்குச் சேதமான போர்க்கப்பல்களைச் சரிசெய்யவே நேரம் போதாததால் வெஸ்டலின் ஆட்களே அதைப் பழுதுபார்த்தார்கள்.

1942 ஆகஸ்டில் தென் பசிபிக் தீவான டோங்காவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே 60 நாளில் 58 கப்பல்களுக்கு 963 வேலைகள். டார்பிடோ பட்ட 'நார்த் கரோலினா' போர்க்கப்பலின் ஓட்டை மட்டும் 32 அடிக்கு 18 அடி.

இப்படிப்பட்ட ஓட்டையில் முதல் வேலை எண்ணெயையும் பாரத்தையும் மறுபக்கம் மாற்றிக் கப்பலைச் சாய்ப்பது. ஓட்டை எவ்வளவு மேலே வருகிறதோ அவ்வளவு வேலை மிச்சம். பிறகு டைவர்கள் பிய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளை வெட்டி, விரிசல் நுனியில் துளையிடுவார்கள். இல்லையென்றால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். கப்பலின் வளைவை மரச்சட்டத்தில் அளவெடுத்து, அதற்கேற்ப ஒட்டுத்தகடு செய்வார்கள். இதில்தான் பெரும்பாலும் தவறு நேரும்: வளைவு கொஞ்சம் பிசகினாலும் விளிம்பில் நீர் கசியும். ஓரத்தில் ரப்பரோ கித்தானோ வைத்துக் கொக்கி போல்ட்டால் இறுக்கி, உள்ளே மரமுட்டுக் கொடுத்துச் சிமெண்ட் கொட்டுவார்கள். வேகம் கூடினால் அதிர்வில் சிமெண்ட் வெடிக்கும். அதனால் மெதுவாகத்தான் போகவேண்டும்.

நீர் வற்றிய அறைக்குள் உடனே நுழைவதுதான் உயிருக்கே ஆபத்து. அழுகிய பொருள்களிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். 1942 பிப்ரவரியில், பேர்ல் ஹார்பரில் சேதமான 'நெவாடா' போர்க்கப்பலின் மீட்புப் பணியில் அந்த வாயுவுக்கே ஆட்கள் பலியானார்கள். காற்றோட்டம் முதலில், வெல்டிங் பிறகு.

டோங்காவுக்குப் பிறகு வெஸ்டல் தென் பசிபிக்கிலுள்ள நியூ கலிடோனியாவின் நூமியா துறைமுகத்துக்குப் போனது. சண்டையில் குண்டடிபட்டு அங்கே வந்த 'எண்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக்கு முழு அவகாசம் கிடைக்கவில்லை. 1942 நவம்பர் 11 அன்று, வெஸ்டலின் ஆட்கள் உள்ளே வேலைபார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது சண்டை நடந்துகொண்டிருந்த குவாடல்கனால் தீவை நோக்கிப் புறப்பட்டது.