தங்கப் பதக்கத்துக்குப் பிறகு

கேள்வி: மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். பதவி உயர்வு வந்தபின் ஜெபமும் இல்லை, ஆலயமும் இல்லை. கேட்டால், ‘முன்னேற வேண்டாமா அம்மா?’ என்கிறான். முன்னேறுவது பாவமா ஐயா? – ஒரு தாய், நாசரேத்.

பதில்: பாவம் இல்லை, அம்மா. எனக்கும் ஒரு காலத்தில் தலைமையாசிரியர் நாற்காலிதான் தெய்வமாக இருந்தது. அப்பாவின் கடைசிக் கிறிஸ்துமஸுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

ஸ்காட்லாந்து ஓட்ட வீரர் எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்று ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீட்டரில் ஓட மறுத்தார். 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வென்றார். பலர் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மறு ஆண்டே அவர் மிஷனெரியாகச் சீனாவுக்குப் போனார். போர்க்காலத்தில் ஜப்பானியர் அவரைச் சீனாவிலேயே வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறன்று ஹாக்கி ஆடிய பிள்ளைகள் அடித்துக்கொண்டபோது அவரே நடுவராக நின்றார், ஆம், ஞாயிறன்றே! தங்கத்தைவிட அந்தத் தீர்மானத்தைத்தான் நான் அதிகம் நேசிக்கிறேன். 1945 பிப்ரவரியில், 43 வயதில், மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார்.

மகனிடம் ஆலயக் கணக்குக் கேட்காதீர்கள். அடுத்த மாதம் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போங்கள். ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து 23ஆம் சங்கீதத்தை மட்டும் வாசியுங்கள்.