முட்டி வலிக்கு சாப் ஆட்டமா?

கேள்வி: எனக்கு வயது 47. தக்கலை பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். இருபது வருடமாகச் சர்ச் ஹாலில் டேபிள் டென்னிஸ் ஆடுகிறேன். எந்தப் பந்து வந்தாலும் சுற்றிப் போய் ஃபோர்ஹேண்டில் டாப்ஸ்பின் (பந்தை முன்பக்கம் சுழலவிடும் அடி) அடிப்பதுதான் என் ஆட்டம். இப்போது வலது முட்டி வலிக்கிறது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் பேக்ஹேண்ட் பக்கமே போட்டு ஜெயிக்கிறான். பின்னால் நின்று சாப் போடும், அதாவது பந்தைக் கீழ்நோக்கி வெட்டித் திருப்பும் தடுப்பாட்டத்துக்கு மாறலாமா? பேட்டில் லாங் பிம்பிள்ஸ் (நீளக் காம்புகள் நீட்டியிருக்கும் ரப்பர்) ஒட்டச் சொல்கிறார்கள். கிறிஸ்துமஸ் போட்டிக்குள் மாறிவிட முடியுமா?
– வாசகர், தக்கலை

பதில்: சாரே, முதலில் முட்டியை எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டத்துக்கு வருவோம்.

சாப் போடுவது ஓய்வான ஆட்டம் என்று உங்களுக்கு யார் சொன்னது? பார்க்க அப்படித்தான் இருக்கும். டேபிள் நீளம் 2.74 மீட்டர். அதற்கும் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒவ்வொரு பந்துக்கும் முட்டியை மடக்கி வெட்ட வேண்டும். எதிராளி வலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வைத்தால் முன்னால் பாய வேண்டும், அடுத்த அடிக்குத் திரும்பப் பின்னால் ஓட வேண்டும். தென் கொரியாவின் ஜூ சே-ஹியூக் சாப் ஆடியே 2003 உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் வரை போனவர். அவர் வீடியோ கிடைத்தால் பந்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். அதோடு நம்ம ஊர் சர்ச் ஹாலில் பின்னால் இடம் ஏது? நாலு எட்டு வைத்தால் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கில் போய் முட்டுவீர்கள்.

உங்கள் முட்டியைப் பதம் பார்ப்பது அந்தச் சுற்றிப் போகிற வேலைதான் என்று நினைக்கிறேன். இடது மூலைக்கு வெளியே போய், வலது காலில் மொத்த எடையையும் ஏற்றி, உடம்பை முறுக்கி அடிக்கிறீர்கள். அடித்து முடித்ததும் வலது பக்கம் திறந்து கிடக்கிறது, அங்கே ஓட வேண்டியிருக்கிறது. ஆகவே டேபிளை ஒட்டியே நில்லுங்கள். இடது பக்கம் வருவதைப் பேக்ஹேண்டில் பிளாக் போடுங்கள், அதாவது வீசி அடிக்காமல் பேட்டை வைத்துத் தடுத்து அனுப்புங்கள். ஃபோர்ஹேண்டை விட வேண்டாம். அந்தப் பக்கம் தானாக வருகிற பந்துக்கு அதை வைத்துக்கொண்டால் போதும்.

லாங் பிம்பிள்ஸ் நல்ல யோசனை, ஆனால் உடனே வேண்டாம். அந்த நீளக் காம்புகள் பந்தைப் பிடிப்பதில்லை, வளைந்து கொடுத்துவிடும். அதனால் வந்த சுழற்சி அழியாமல் திரும்புகிறது. எதிராளி டாப்ஸ்பின் அடித்தால் அவனுக்கே கட் ஆக, அதாவது பின்பக்கம் சுழலும் பந்தாகப் போகும். அவன் கட் போட்டால் உங்களிடமிருந்து சப்பையாகவோ லேசான டாப்ஸ்பின்னாகவோ போகும், அதை அவன் ஓங்கி அடிப்பான். அதற்குத்தான் பேட்டைக் கைக்குள்ளேயே திருப்பி மறுபக்கத்து வழவழ ரப்பரால் அடிக்கப் பழக வேண்டும். 2018 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கிய மணிகா பத்ரா பேக்ஹேண்டில் பிம்பிள்ஸ் வைத்து, நடுவில் பேட்டைத் திருப்பி ஆடுகிறவர்தான். (ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறோம், பேட்டில் ஒட்டுகிற ரப்பருக்கு மட்டும் எங்கிருந்தோ பார்சல் வர வேண்டியிருக்கிறது!)

நான் பிம்பிள்ஸுக்கு மாறியபோது ரப்பரையும் ஆட்டத்தையும் ஒரே வாரத்தில் மாற்றினேன். பந்து வலையில் விழுந்தால் கையின் தப்பா, ரப்பரின் தப்பா என்றே தெரியவில்லை. என்னிடம் தினமும் தோற்கிற பையன் ஒருவன் மூன்றாவது நாள், "சாரே, கை சரியில்லையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டான். பேட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் இப்போதிருக்கிற ரப்பரிலேயே ஒரு மாதம் பிளாக் பழகுங்கள். இருபது வருடம் டாப்ஸ்பின் அடித்த கை பந்து பட்டதும் தன்னால் முன்னே தள்ளும், பந்து நீளமாகப் போய்விடும். பிடியைத் தளர்த்துங்கள். பந்து எழும்பத் தொடங்கும்போதே பேட்டை லேசாகக் கவிழ்த்து வையுங்கள், அங்கேயே நிறுத்துங்கள். அவன் அடித்த வேகமே அதைத் திருப்பி அனுப்பிவிடும். அப்புறம் பிம்பிள்ஸ் ஒட்டலாம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இன்னொரு தொல்லை: ஈரக்காற்றில் வழவழ ரப்பர் வழுக்கும், பையில் ஒரு பருத்தித் துணி இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்குள் முடியுமா என்றால், பிளாக் வந்துவிடும். பேட்டைத் திருப்புவது வராது. இந்த வருடப் போட்டியில் பழைய பேட்டோடு இறங்குங்கள், முதல் சுற்றில் தோற்றாலும் பரவாயில்லை. அதுவரை அந்தப் பத்தாம் வகுப்புப் பையனையே பிடியுங்கள். தினம் பத்து நிமிடம் உங்கள் பேக்ஹேண்டுக்கு மட்டும் டாப்ஸ்பின் போடச் சொல்லுங்கள். எப்படியும் அங்கேதானே போடுகிறான். ஒரு சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தால் வருவான்.