மேங்கோ பேனர்: பழம் இல்லைங்க, காய்

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி ஸ்டாலில் "மாம்பழமே மேங்கோ ஆனது" என்று பேனர் அடிக்கலாமா எனக் கேட்டிருந்தீங்க. அப்படி அடிக்காதீங்க. மூலச்சொல் காய். மா + காய் = மாங்காய்; 'மாம்பழம்' என்றால் 'ம்' வரும், மேங்கோவில் இருப்பதோ 'ங்'. மலையாளத்தில் மாங்ங. 1498-இல் கோழிக்கோடு வந்த போர்த்துகீசியர் அதை 'மங்கா' ஆக்கினார்கள். ஆங்கிலம் அவர்கள் வழியாக வாங்கிக்கொண்டது.

கப்பல் பயணத்தில் பழம் அழுகிவிடும் என்பதால் இங்கிலாந்துக்குப் போனது பெரும்பாலும் ஊறுகாய்தான். அதனால், முலாம்பழத்தைக் குடைந்து மசாலா திணித்து வினிகரில் போட்டதையும் அங்கே 'மேங்கோ' என்றார்கள். (நம்ம ஆவக்காய் கேட்டால் சிரிக்கும்!)

"தமிழிலிருந்து நேரடியாக" என்றும் போடாதீங்க. பேனருக்கு இது போதும்: "மேங்கோ: தமிழ் மாங்காய், மலையாள மாங்ங, போர்த்துகீசியம் வழியாக ஆங்கிலத்துக்கு."